பொட்டலிலும் வளவிலும் தற்காலிக டிஷ்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

சிராவயல் மஞ்சுவிரட்டுக்காக விடியற்காலையிலேயே வேனைப் பொட்டலின் ஓரத்தில் நிறுத்திப் பந்தல் போடுகிறவர்களும், நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்காக ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறக்கிறவர்களும், கண்மாய்க் கரையில் கூடாரம் அடித்து ஓரிரவு தங்குகிறவர்களும் இப்போது ஒரு டிஷ்ஷையும் செட்டாப் பாக்ஸையும் உடன் கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது. வீட்டு மாடியில் டிஷ்ஷைப் பொருத்த நிறுவனத்தின் ஆள் வருவார். பொட்டலில் அதை நாமேதான் நிறுத்த வேண்டும். எது தவறினாலும் திரையில் "சிக்னல் இல்லை" என்ற ஒரே வரிதான் வரும் என்பதால், அந்த வரியை விட்டுவிட்டு, பாக்ஸின் மெனுவில் உள்ள இரண்டு பட்டைகளைப் பார்த்துப் பிழையைத் தேடுவதே சரியான முறை. ஒன்று சிக்னல் வலிமை, மற்றொன்று சிக்னல் தரம். இந்த வழிமுறை முழுவதும் அந்த இரண்டையும் அடிப்படையாகக் கொண்டது.

முதலில் கோணங்கள்

தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பவை. காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில், நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், நமக்கு அவை அடிவானத்தில் அல்லாமல் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே தெரிகின்றன. வெளியூர்களை, குறிப்பாக வட இந்தியாவை மனத்தில் வைத்து எழுதப்பட்ட குறிப்புகளைப் பின்பற்றி இங்கே டிஷ் நிறுத்துகிறவர்கள் தடுமாறுவதற்கு இதுவே முதற்காரணம்.

கீழே உள்ள திசைக் கோணங்கள் வடக்கைப் பூஜ்யமாக வைத்து, கிழக்கு வழியாக வலஞ்சுழியாக எண்ணப்பட்டவை. ஏற்றக் கோணங்கள் அடிவானத்திலிருந்து மேல்நோக்கி எண்ணப்பட்டவை. மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ், 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 வழியாக வருகிறது. அதற்குக் காரைக்குடியில் திசை 124, ஏற்றம் 69. டாடா பிளே 83 டிகிரி கிழக்கில் இருக்கிறது. திசை 157, ஏற்றம் 77. டி2எச் 88 டிகிரியில். திசை 137, ஏற்றம் 74. டிஷ் டிவி 95 டிகிரியில்; திசை 121, ஏற்றம் 68. ஏர்டெல் 108.2 டிகிரியில், திசை 107, ஏற்றம் 54. தேவகோட்டை, திருப்பத்தூர், கானாடுகாத்தான், புதுக்கோட்டை ஆகிய ஊர்களுக்கும் இந்த எண்களையே கொள்ளலாம். வேறுபாடு ஒரு டிகிரியை ஒட்டியே இருக்கும்.

வலிமையும் தரமும் பூஜ்யம்

இரண்டு பட்டைகளும் அசையாமல் கிடந்தால் டிஷ்ஷைத் திருப்பிப் பயனில்லை. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு, டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கிக் கேபிளுக்கு அனுப்பும் எல்.என்.பி.க்கு மின்சாரம் போகவில்லை, அல்லது அங்கிருந்து கேபிள் வழியாக எதுவும் திரும்பி வரவில்லை என்பதே இதன் பொருள். எல்.என்.பி.க்குத் தனி மின் இணைப்பு கிடையாது. அது வேலை செய்யத் தேவையான 13 அல்லது 18 வோல்ட்டை செட்டாப் பாக்ஸ்தான் அதே கேபிள் வழியாக அனுப்புகிறது.

கேபிளின் இரு முனைகளிலும் உள்ள எஃப் கனெக்டர்களைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் உள்ள செம்பு நிறக் கம்பியின் மீது வெளிவலையின் ஒரே ஓர் இழை பட்டிருந்தாலும் மின்சுற்று குறுக்கே போய்விடும். அப்போது பல பாக்ஸ்கள் எல்.என்.பி.க்கான மின்சாரத்தைத் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் வெளியே தெரிய வேண்டும். ஒவ்வொரு முகாமிலும் கழற்றி மாட்டப்படும் கேபிளில் இந்த முனைகள்தான் முதலில் கெடுகின்றன என்பதால், முனையைக் கத்தியால் சீவிப் புதிதாகக் கனெக்டர் போடுவதற்கான பொருள்களைப் பையில் வைத்திருப்பது நல்லது. கனெக்டரைத் தொடும்போதெல்லாம் பாக்ஸின் மின் இணைப்பை நிறுத்திவிடுங்கள்.

முனைகள் நன்றாக இருந்தும் பட்டை எழவில்லை என்றால், மெனுவில் எல்.என்.பி. மின்சாரம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கைமாறி வந்த பாக்ஸ்களில் இது அடிக்கடி நேர்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் டிஷ் பக்கத்து முனையில் நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையே 13க்கும் 18க்கும் இடைப்பட்ட வோல்ட் வருகிறதா என்று அளந்து முடிவு செய்யலாம். மீட்டர் இல்லாதவர்கள் பாக்ஸையும் டிவியையும் டிஷ்ஷின் அருகிலேயே கொண்டுபோய், இரண்டு மீட்டர் நீளமுள்ள வேறு கேபிளால் இணைத்துப் பார்க்க வேண்டும். அப்போது வலிமை எழுந்தால் குற்றம் நீளக் கேபிளில், எழாவிட்டால் எல்.என்.பி.யில் அல்லது பாக்ஸில். ஓராண்டாக மாடியில் வெயிலில் கிடந்த கேபிளில் அணில் கடித்த இடம் ஏதாவது இருக்கும். அதை ஒட்டிச் சரிசெய்வதைவிட மாற்றுவதே மேல்.

வலிமை இருக்கிறது, தரம் பூஜ்யமாகவே நிற்கிறது

தற்காலிகமாக டிஷ் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலான நேரத்தை இங்கேதான் இழக்கிறார்கள். எல்.என்.பி.க்கு மின்சாரம் கிடைத்தவுடன் அது எழுப்பும் இரைச்சலையே பல பாக்ஸ்கள் வலிமையாகக் காட்டும். ஆகவே 60 விழுக்காடு வலிமை என்பது டிஷ் செயற்கைக்கோளைப் பிடித்துவிட்டதற்குச் சான்று அல்ல. தரம் என்ற பட்டைதான் உண்மையைச் சொல்லும். கடையில் கிடைக்கும் சிறிய ஃபைண்டர் மீட்டரின் "பீப்" ஒலிக்கும் இதே குறை உண்டு. 91.5, 93.5, 95 டிகிரிகளில் செயற்கைக்கோள்கள் நெருங்கி நிற்கின்றன. எந்த ஒன்றைப் பிடித்தாலும் மீட்டர் ஒலிக்கும், ஆனால் உங்கள் பாக்ஸ் தனக்குரியதைத்தான் ஏற்கும்.

இந்த நிலையில் டிஷ்ஷை அங்குமிங்கும் திருப்பத் தொடங்குவதற்கு முன், அது நிற்கும் குழாய் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். என் கணிப்பில், செட்டிநாட்டில் இதைவிட முக்கியமான சோதனை வேறு எதுவும் இல்லை. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் மொத்தமே மூன்று டிகிரிக்குச் சற்றுக் குறைவு. நம் ஊரில் ஏற்றக் கோணம் மிக அதிகம் என்பதால், ஏர்டெல் தவிர மற்றவற்றுக்குத் திசையில் 5 டிகிரி பிசகினாலும் வானத்தில் அது 2 டிகிரிக்கும் குறைவான விலகலாகவே முடிகிறது. ஏற்றத்தில் 5 டிகிரி பிசகினால் விலகலும் முழுதாக 5 டிகிரி. குழாய் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், பிராக்கெட்டில் பொறித்திருக்கும் ஏற்ற அளவு பொய்யாகிவிடுவதோடு, டிஷ்ஷை இடவலமாகத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஏற்றமும் தானாக மாறிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட குழாயில் எத்தனை மணி நேரம் தேடினாலும் செயற்கைக்கோள் அகப்படுவது தற்செயலே. கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தைக் குழாயின் மீது வைத்து, ஒரு பக்கம் பார்த்த பின் கால்வட்டம் சுற்றி மறுபக்கமும் பாருங்கள். ரசமட்டம் இல்லையென்றால் ஒரு நூலில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, அதே இரு பக்கங்களிலிருந்தும் ஒப்பிடலாம்.

குழாய் நேரானதும் பிராக்கெட்டில் ஏற்ற அளவை வைத்து, போல்ட்டை அசையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். குழாயின் மேல்முனை கவ்விக்கு மேலே நீண்டிருந்தால், இத்தனை ஏற்றத்தில் டிஷ்ஷின் முதுகு அதில் முட்டி நிற்கும். 77 டிகிரி வேண்டியவர்களுக்கு இந்தத் தடை பெரும்பாலும் நேர்கிறது. கவ்வியைக் குழாயின் உச்சிக்கு ஏற்றிவிட்டால் போதும். பிறகு கைப்பேசியின் திசைகாட்டியால் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரும்புக் குழாய்க்கும் வேனுக்கும் அருகில் திசைகாட்டி தவறாகக் காட்டும் என்பதால், சில அடி தள்ளி நின்று பார்த்து, அந்தத் திசையில் தொலைவில் தெரியும் ஒரு பனை மரத்தையோ கோபுரத்தையோ அடையாளமாக வைத்துக்கொள்வது நல்ல முறை.

இப்போது டிஷ்ஷை அந்த அடையாளத்துக்கு இடப்புறம் 15 டிகிரியில் தொடங்கி வலப்புறம் 15 டிகிரி வரை மெல்லத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் ஓரிரு டிகிரிக்கு மேல் நகர்த்தாமல், நகர்த்திய பின் ஐந்தாறு விநாடிகள் காத்திருங்கள். பாக்ஸ் சிக்னலைப் பூட்டிக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும். அவசரமாகத் திருப்புகிறவர்கள் சரியான இடத்தைக் கடந்து போய்விடுகிறார்கள். ஒரு சுற்று முடிந்தும் தரம் எழவில்லையென்றால் ஏற்றத்தை ஒரு டிகிரி கூட்டியும், பிறகு ஒரு டிகிரி குறைத்தும் அதே சுற்றைத் திரும்பச் செய்யுங்கள். தரம் எழுந்த பின், இரு பக்கமும் அது விழுகிற இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் நடுவில் நிறுத்துங்கள். ஏற்றத்துக்கும் இதையே செய்து, கடைசியில் போல்ட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள்; ஒரே போல்ட்டை முழுதாக இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

டிடி ஃப்ரீ டிஷ் பாக்ஸில் இத்தனையும் செய்தும் பயனில்லாவிட்டால், மெனுவில் எல்.என்.பி. வகை 9750, 10600 என்ற இரட்டை எண் கொண்டதாகவும், செயற்கைக்கோள் 93.5 ஆகவும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

தடை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை

நாம் பயன்படுத்தும் டிஷ்கள், எல்.என்.பி.யின் நிழல் நடுவில் விழாதபடி பக்கவாட்டு வளைவில் வடிக்கப்பட்டவை. அதனால் டிஷ்ஷின் முகம் நோக்கும் திசைக்கும் கதிர் உண்மையில் வரும் திசைக்கும் இருபது டிகிரிக்கு மேல் வேறுபாடு உண்டு. 69 டிகிரி ஏற்றத்துக்கு வைத்த டிஷ், பார்ப்பதற்கு 45 டிகிரியை நோக்குவது போலத் தோன்றும். மக்கள் அந்த 45 டிகிரி திசையில் இருக்கும் தென்னையைக் குறை சொல்லிக் கூடாரத்தையே இடம் மாற்றுவார்கள். உண்மையான தடையோ தலைக்கு மேல் நீண்ட வேப்பங்கிளையாகவோ, பந்தலின் ஓலையாகவோ இருக்கும்.

கணக்கு எளிது. ஜிசாட்-15க்கு, டிஷ்ஷின் மட்டத்திலிருந்து தடை எத்தனை உயரமோ அதை 2.6 ஆல் வகுங்கள். அந்தத் தொலைவுக்கு அப்பால் தடை இருந்தால் அது உங்களைப் பாதிக்காது. பத்து மீட்டர் உயர மரம் நான்கு மீட்டர் தள்ளி நின்றாலே போதும். டாடா பிளேக்கு இரண்டரை மீட்டரே போதும். ஏர்டெல்லுக்கு மட்டும் ஏறத்தாழ ஏழரை மீட்டர் வேண்டும். சீமைக்கருவேலங் காட்டின் ஓரத்தில் நின்றாலும் படம் கிடைக்கும். ஒரே ஒரு புளிய மரத்தின் அடியில் கிடைக்காது.

இதே காரணத்தால், நம் பெரிய வீடுகளில் டிஷ்ஷை மாடிக்கு ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. வளவின், அதாவது வீட்டு நடுக்கட்டின், முற்றம் வானத்துக்குத் திறந்திருப்பது, வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக அமைந்திருப்பது ஆகிய இரண்டும் சேர்ந்து நமக்குச் சாதகமாகின்றன. முற்றத்தின் வாயு (வடமேற்கு) மூலையில் டிஷ்ஷை வைத்து அக்கினி (தென்கிழக்கு) மூலையை நோக்கித் திருப்பினால், 93.5 டிகிரிச் செயற்கைக்கோள் அந்த மூலைக்கோட்டிலிருந்து சற்றே கிழக்கே இருக்கும். எதிர்ப்பக்கத்து ஓட்டுத் தாழ்வாரம் டிஷ்ஷுக்கு மேல் மூன்று மீட்டர் உயர்ந்திருந்தால் ஒன்றேகால் மீட்டர் இடைவெளி போதும். மாடி கட்டிய பக்கம் ஏழு மீட்டர் உயர்ந்திருந்தால் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரத்திலோ கருங்கல் பாவிய முற்றத்திலோ துளையிடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. முக்காலியும் மணல் மூட்டையும் அங்கே நன்றாகவே நிற்கும்.

சில சேனல்கள் வருகின்றன, சில வரவே இல்லை

செயற்கைக்கோள் தன் அலைகளைக் கிடையாகவும் நெடுக்காகவும் இரு வகையில் அனுப்புகிறது. பாக்ஸ் 13 வோல்ட் கொடுத்தால் எல்.என்.பி. ஒரு வகையையும் 18 வோல்ட் கொடுத்தால் மற்றதையும் எடுக்கும். கட்டணச் சேவைகளில் ஒரு கூட்டம் சேனல்கள் மட்டும் மொத்தமாக மறைந்தால், கேபிள் மிக நீளமாக இருந்து 18 வோல்ட் வழியிலேயே தேய்ந்து போவது ஒரு காரணம். கேபிளைக் குறைத்துப் பாருங்கள். மூன்று துண்டுகளை இணைத்து ஒரு கேபிளாக்கியிருந்தால் அதை ஒரே துண்டாக மாற்றுங்கள்.

மற்றொரு காரணம் எல்.என்.பி.யின் சுழற்சி, அதாவது அதன் பிடிக்குள் அதைத் திருப்பி வைக்கும் கோணம். நிலநடுக்கோட்டுக்கு அருகே வர வர இந்தச் சுழற்சி மிகுதியாகிறது. 93.5 டிகிரிச் செயற்கைக்கோளுக்கு டெல்லியில் ஏறத்தாழ 27 டிகிரி சுழற்சி போதும், சென்னையில் 45, காரைக்குடியில் 55. டாடா பிளேக்கு இங்கே ஏறத்தாழ 22, ஏர்டெல்லுக்கு 70. சென்னையில் பொருத்தியிருந்த டிஷ்ஷைக் கழற்றி அப்படியே காரில் ஏற்றி வருகிறவர்கள் 10 டிகிரி வேறுபாட்டால் பெரிதாகப் பாதிக்கப்பட மாட்டார்கள். ஆனால் ஒரு சேவைக்கு வைத்த எல்.என்.பி.யைத் திருப்பாமல் வேறொரு சேவைக்குப் பயன்படுத்தினால், இரண்டு வகை அலைகளும் கலந்து தரம் அடிமட்டத்திலேயே கிடக்கும். டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தைப் பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இந்த எண்களைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, தரப் பட்டை உச்சத்தைத் தொடும் இடத்தில் இறுக்குங்கள்.

படம் வந்து வந்து போகிறது

காற்று அடிக்கும்போது மட்டும் போனால் நிலைநிறுத்தியது போதவில்லை. நம் செம்மண் சரளையில் முளை நான்கு விரற்கடைக்கு மேல் இறங்காது. இறங்கியது போலத் தோன்றினாலும் மேல்மண்ணில்தான் நிற்கும். கண்மாயின் உட்புறத்து மண் இதற்கு நேர்மாறாக, காலையில் இறுகியிருந்து நீர் தெளித்ததும் இளகிவிடும். எங்கும் பொருந்துவது எடைதான். முக்காலியின் நடுவில் மணல் மூட்டையைத் தொங்கவிடலாம். அல்லது 20 லிட்டர் பெயின்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றி நடுவில் குழாயை நட்டுக்கொள்ளலாம். அந்த வாளி ஏறத்தாழ 48 கிலோ இருக்கும். தூக்கிவர இருவர் வேண்டும் என்றாலும் அதற்குப் பிறகு வேலை இல்லை.

டிஷ்ஷை வேனின் ஏணியிலோ கூரைக் கம்பியிலோ கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆள் ஏறி இறங்கும்போது வண்டி ஒரு டிகிரி சாய்ந்தாலே படம் சிதறும். பந்தக்காலில் கட்டுவதும் அவ்வாறே. குழந்தைகள் ஓடும் பாதையில் கேபிள் கிடந்தால் அதை மண்ணில் கோடு கிழித்துப் புதைத்துவிடுங்கள்.

குழாயை நிமிர்த்தும் முன் மேலே மின்கம்பி போகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். பொட்டல்களுக்குக் குறுக்கே போகும் கம்பிகள் கோடையில் தாழத் தொய்ந்திருக்கும். இரும்புக் குழாய் அதன் அருகே போனாலே உயிருக்கு ஆபத்து.

குறிப்பிட்ட வேளையில் மட்டும் படம் உடைகிறது

ஐப்பசி, கார்த்திகை மழையில் அடர்ந்த கருமேகம் செயற்கைக்கோளின் பாதையில் நின்றால் படம் கட்டம் கட்டமாக உடைவது இயல்பு. மேகம் நகர்ந்ததும் சரியாகும். தூறலுக்கே உடைந்தால், டிஷ் சரியான இடத்தின் விளிம்பில்தான் நிற்கிறது என்று பொருள். வானம் தெளிந்ததும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். இடி கேட்கத் தொடங்கினால் கேபிளைப் பாக்ஸிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும். தை, மாசி விடியலில் படம் மங்கினால் எல்.என்.பி.யின் மூடியிலும் டிஷ்ஷின் மீதும் படிந்த பனித்துளியைத் துடைத்துப் பாருங்கள். இங்கே டிஷ் மிகவும் மல்லாந்து கிடப்பதால் சருகும் நீரும் அதில் தங்கும்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடங்கள் டிடி ஃப்ரீ டிஷ் மறைந்து தானாகத் திரும்பினால் எதையும் தொடாதீர்கள். அப்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. டாடா பிளேக்கு இது நண்பகலை ஒட்டி நேரும். அந்த நிமிடத்தில் டிஷ்ஷின் மீது வெயில் விழுகிறதா, நிழல் விழுகிறதா என்று பார்த்தால், உங்கள் இடத்தில் தடை உண்டா என்ற கேள்விக்கு எந்தக் கருவியும் இல்லாமல் விடை கிடைத்துவிடும்.

பாக்ஸ் தானாக நின்று மீண்டும் தொடங்குகிறது

32 அங்குல எல்.இ.டி. டிவிக்கு 40 வாட், பாக்ஸுக்கும் எல்.என்.பி.க்கும் 10 வாட் என்று கொண்டால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 5 ஆம்பியர் போகும். கார் பேட்டரி 35 ஆம்பியர்-மணி உடையதாக இருந்தால், அதில் பாதியைச் செலவழிக்க மூன்றரை மணி நேரம் ஆகும். அதற்கு மேல் போனால் வண்டி கிளம்பாது. தனிப் பேட்டரி கொண்டு வாருங்கள். பாக்ஸின் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தாலும், ஓடும் எஞ்சினில் பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும் என்பதால், நேரடியாக இணைக்காமல் இடையில் மின்னழுத்தத்தை 12 வோல்ட்டில் நிறுத்தும் கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்த வேண்டும்.

சிக்னல் நன்றாக இருக்கிறது, சேனல் மட்டும் திறக்கவில்லை

தரம் உயர்ந்து நின்று, திரையில் சந்தா பற்றிய செய்தி வந்தால் டிஷ்ஷை அசைக்காதீர்கள். பல வாரங்கள் அணைந்து கிடந்த கட்டணப் பாக்ஸ், செயற்கைக்கோள் வழியாக வரும் அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ளாமல் இருந்திருக்கும். பாக்ஸை ஒரு சேனலில் ஓடவிட்டு, நிறுவனத்தின் செயலியிலோ பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தோ புதுப்பிக்கக் கேளுங்கள். அனுமதி வந்து சேரும் வரை பாக்ஸ் அணையாமல் இருக்க வேண்டும். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்குச் சந்தா கிடையாது. சேனல் குறைந்திருந்தால் மெனுவில் மறுபடியும் தேடச் செய்தால் புதிய வரிசை பதிந்துவிடும்.